டொக்டர் எழுதிக் கொடுத்த கஞ்சா எண்ணெய்

தேநீருக்குப் பால் எடுக்கத்தான் என்னோடு வேலை செய்கிறவளுடைய ஃபிரிஜைத் திறந்தேன். கதவுத் தட்டில், தயிர்ப் பெட்டிக்கும் ஊறுகாய்ப் போத்தலுக்கும் நடுவில், மண்ணிறத்தில் ஒரு சின்னப் போத்தல் நின்றது. மருந்துக்கடை ஒட்டிய வெள்ளைத் தாள் அதைச் சுற்றி இருந்தது. தாளில் அவளுடைய முழுப் பெயர்.

"அதுதான் அக்கா," என்றாள் எனக்குப் பின்னால் நின்று. "கஞ்சா எண்ணெய்."

அவள் குரலில் வெட்கம் இருக்கவில்லை. புதிதாகச் சோபா வாங்கியவர்கள் வீட்டுக்கு வருகிறவரை அதில் இருத்திவிட்டு முகத்தைப் பார்ப்பார்களே, அப்படி என்னைப் பார்த்தாள்.

"பொலிஸ் பிடிக்காதோ?" என்று கேட்டேன்.

"என்னத்துக்குப் பிடிக்கிறது? டொக்டர் எழுதித் தந்தது. என்ரை மஞ்சள் சுகாதாரக் கார்ட்டைக் காட்டித்தானே மருந்துக்கடையிலை எடுத்தனான்."

பாலை எடுத்துக் கதவை மூடினேன். தேநீர் குடித்தோம். அவள் எதையோ கதைத்துக்கொண்டிருந்தாள். நான் ஃபிரிஜையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் என் கணவரிடம், "அவளுக்குக் குடுத்திருக்கினம்," என்றேன்.

"என்னத்தை?" என்றார் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கஞ்சாவை."

அதன்பிறகுதான் திரும்பிப் பார்த்தார்.

அவளும் நானும் டென்மார்க்கில், இக்காஸ்ட் என்ற ஊரில், ஓர் உடுப்புக் கிடங்கில் ஒரே மேசையில் வேலை செய்கிறோம். முன்பு இந்த ஊரில் பின்னினார்கள், தைத்தார்கள். இப்போது எங்கோ தைத்து முடித்த உடுப்புகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்குகின்றன. நாங்கள் அவற்றை விரித்து, ஆவி அடித்துச் சுருக்கம் எடுத்து, கொழுவியில் மாட்டி, விலைச்சீட்டுக் குத்திக் கடைகளுக்கு அனுப்புகிறோம். ஒருத்தி ஆவிக் குழாயைப் பிடித்தால் மற்றவள் சீட்டுக் குத்தும் துப்பாக்கியைப் பிடிப்பாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாறிக்கொள்வோம். ஒரே கைக்கு ஒரே வேலை வந்தால் கை கெட்டுவிடும் என்று நாங்களாகவே செய்துகொண்ட ஏற்பாடு அது. அப்படி இருந்தும் இருவருக்கும் கை கெட்டது. பிடரியில் தொடங்கி, வலது தோள்மூட்டுக்குள் இறங்கி, முழங்கை வரைக்கும் வரும் உளைவு. அந்த மேசையைப்போல எங்கள் நோவும் இருவருக்கும் பொதுவானது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அவள் என்னைவிட இளையவள். டென்மார்க்குக்கும் எனக்குப் பிறகுதான் வந்தாள். ஆனால் டேனிஷ் என்னைவிட நன்றாகக் கதைப்பாள். பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கூட்டங்களில் அவள் கையை உயர்த்திக் கேள்வி கேட்டிருக்கிறாள். அதே கூட்டங்களில் நான் என் கணவருக்குப் பின்னால் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

இருவரும் ஏறக்குறைய ஒரே காலத்தில்தான் டொக்டரிடம் போனோம். அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக் கழுத்தைப் படம் எடுத்தார்கள். பிறகு வேறு நகரத்தில் நோவுக்கென்றே இருக்கும் ஒரு கிளினிக்குக்கு அனுப்பினார்கள். அங்கே ஒன்றன்பின் ஒன்றாக மாத்திரைகள் கொடுத்துப் பார்த்து, எதுவும் ஒத்துவராமல், கடைசியில் அந்த எண்ணெயை எழுதிக் கொடுத்தார்கள். எனக்குத் தேய்மானம் என்றார்கள். கதவுப்பிடியில் கட்டி இழுத்துப் பயிற்சி செய்யச் சொல்லிப் பச்சை நிற இறப்பர்ப் பட்டி ஒன்றைத் தந்து அனுப்பினார்கள்.

கஞ்சா எண்ணெய் கிடைத்த செய்தியை அவள் மறைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். எங்கள் ஆட்களுக்கு அந்தச் சொல் போதும், ஆளின் பெயரைக் கெடுக்க. ஆனால் கொஞ்ச நாளில் ஒரு பிள்ளையின் பிறந்தநாள் விழாவில், மண்டபத்தின் நடு மேசையில், அவளைச் சுற்றிப் பெண்கள் கதிரைகளை இழுத்துப் போட்டு இருந்தார்கள். நான் அவளுக்குப் பக்கத்தில், ரோல்ஸ் தட்டோடு.

"அந்தச் செடியிலை கன சாமான் இருக்காம்," என்று அவள் விளங்கப்படுத்தினாள். "எங்களுக்குத் தெரியவேண்டியது ரெண்டு. ஒண்டு தலையைச் சுத்தப் பண்ணும். மற்றது பண்ணாது. எனக்குத் தந்திருக்கிறது ரெண்டும் கலந்தது."

"அப்ப உமக்குத் தலை சுத்தாதோ?"

"அளவாய்த்தானே தருகினம். றோட்டிலை வாங்கினால் குற்றம். டொக்டர் எழுதினால் மருந்து. அவ்வளவுதான் சட்டம்."

சாப்பாட்டுத் தட்டோடு போன ஒருவர் நின்றார். "தங்கச்சி, எங்களுக்கும் ரெண்டு துளி விடுமன். உந்தப் பாட்டுச் சத்தத்தைத் தாங்கேலாமல் கிடக்கு."

"உங்களுக்கு எழுதித் தாற டொக்டர் இன்னும் பிறக்கேல்லை அண்ணை."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டு போனார். எதிரில் இருந்த ஒரு மாமி மட்டும் சிரிக்காமல் முன்னால் குனிந்து கேட்டார்: "அப்ப உமக்கு நரம்பிலையோ பிள்ளை பிரச்சினை?"

"ஓம் மாமி. நரம்பு."

நரம்பு என்றதும் மேசையைச் சுற்றி எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். ஒருத்தி அவளுடைய கையைப் பிடித்துத் தடவினாள். மாமி என் பக்கம் திரும்பினார்.

"உமக்கும் தோள்தானே சுகமில்லை?"

"ஓம் மாமி. தேய்மானம்."

"ஆ, அது எல்லாருக்கும் இருக்கிறதுதானே," என்றுவிட்டு மாமி பற்றிஸைக் கடித்தார்.

நரம்புக்கும் தேய்மானத்துக்கும் உள்ள வித்தியாசம் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அரசாங்கம் ஒரு கோடு போட்டு வைத்திருந்தது. இன்ன இன்ன வருத்தக்காரருக்கு இந்த எண்ணெயை எழுதிப் பார்க்கலாம் என்று வழிகாட்டி வைத்திருந்தார்கள். முதுகெலும்பு நரம்பு அடிபட்டவர்கள், கைகால் இறுகும் ஒரு நரம்பு நோய்க்காரர், புற்றுநோய் மருந்தினால் வாந்தி எடுப்பவர்கள், நரம்பினால் நோப்படுகிறவர்கள். அவள் கோட்டுக்கு உள்ளே. நான் வெளியே. ஒரே மேசையில், மாறி மாறி அதே துப்பாக்கியைப் பிடித்த இரண்டு கைகளில் ஒன்று உள்ளே போய்விட்டது.

எண்ணெயை எடுக்கத் தொடங்கியதும் அவள் கார் ஓடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதுவரை ஒரு கிழமை அவளுடைய கார், மறு கிழமை என்னுடையது என்று வேலைக்குப் போய்வந்தோம். இனி எல்லாக் கிழமையும் என்னுடையது. அதிகாலை வேலைக்குப் பஸ் இல்லை. நான் அவளுடைய வாசலில் நிறுத்துவேன். அவள் சாப்பாட்டுப் பெட்டிகளோடு வருவாள், ஒன்று தனக்கு, ஒன்று எனக்கு. இருக்கையைப் பின்னால் சாய்ப்பாள். ஊர் எல்லை தாண்டுமுன் நித்திரையாகிவிடுவாள்.

"இப்ப இரவிலையும் நல்லா நித்திரை கொள்ளுறன் அக்கா," என்று ஒருநாள் சொன்னாள். "இடையிலை ஒருக்காலும் எழும்பிறதில்லை."

இரவு முழுக்கச் சோபாவில் தலையணையை முதுகுக்குக் கொடுத்து இருந்தபடியே கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டு வந்த என்னிடம்தான் இதைச் சொன்னாள். கிடங்குக்குத் திரும்பும் தெருவில் வேகத்தைக் குறைக்க மேடு வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு நான் வேகத்தைக் குறைக்கவில்லை. கார் தூக்கிப் போட்டது. என் தோள்தான் நொந்தது. அவள் எழும்பவே இல்லை.

அவள் நல்லவள். அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் நான் பெட்டியின் மூடியைத் திறக்க முடியாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இழுத்ததைப் பார்த்துவிட்டு, தானே திறந்து தந்தாள். பிறகு குரலைக் குறைத்து, "நாளைக்கு ஒரு சின்னப் போத்தலிலை கொஞ்சம் கொண்டுவாறன். ரெண்டு துளி நாக்குக்குக் கீழை விட்டுப் பாருங்கோ," என்றாள்.

எங்கள் ஆட்களிடம் மருந்து ஒருவருக்கென்று இருந்ததில்லை. ஒரு வீட்டில் மிஞ்சிய இருமல் பாணி அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் போகும். கொழும்பிலிருந்து வரும் நோத்தைலம் மூன்று குடும்பத்துக்குப் பங்கு பிரியும். சீனி வருத்தத்துக்கு உன் மாத்திரை நல்லதோ, என் மாத்திரை நல்லதோ என்று கோயில் படியில் மாற்றிப் பார்த்தவர்கள்கூட இருக்கிறார்கள். ஆகவே அவள் சொன்னது எங்களுக்குப் புதினமே இல்லை.

"இன்னொராளுக்குக் குடுக்கிறது சட்டப்படி பிழைதான்," என்றாள். "ஆனால் எங்களுக்குள்ளை என்ன?"

"எனக்கு வேண்டாம்," என்றேன்.

"ஏன் அக்கா, பயமோ?"

"ஓம்," என்று சொல்லிவைத்தேன்.

பயம் இல்லை. அவளுடைய பெயர் ஒட்டிய போத்தலிலிருந்து எனக்கென்று இரங்கி ஊற்றித் தரும் துளிகள் வேண்டியிருக்கவில்லை. எனக்கும் எழுத வேண்டும். ஒரு டொக்டர் என்னைப் பார்த்து, இவளுக்கும் நோகிறது என்று ஒத்துக்கொண்டு எழுத வேண்டும். என் மஞ்சள் கார்ட்டைக் கொடுத்து நான் எடுக்க வேண்டும். அன்றையிலிருந்து எனக்கு வேறு ஆசையே இருக்கவில்லை.

என் கணவருக்கு இது விளங்கவில்லை. "நீர் ஏன் உதுக்கு அந்தரப்படுறீர்?" என்றார். "ஜெர்மனியிலை அக்காவிட்டைச் சொன்னால் கொண்டுவருவா. அங்கை கடையிலை சம்பூ மாதிரி அடுக்கி வைச்சிருக்கினமாம், அந்தத் தலை சுத்தாத எண்ணெயை. இங்கை சொந்தத்திலை ஒரு பிள்ளையின்ரை சாமத்தியச் சடங்குக்கு வரேக்கை காரிலை போட்டுக்கொண்டு வரட்டும்."

அவருடைய அக்கா எங்களிடம் வரும்போதெல்லாம் கார் நிறையத்தான் வருவார். அரிசி மூடை, சீலைகள், உறைந்த மீன். அதற்குள் ஒரு போத்தல் பெரிய விஷயம் இல்லை. எனக்கும் ஒரு நிமிடம் மனம் போனது. அடுத்த நாள் காரில் அதை அவளிடம் சொன்னேன். சாய்ந்து கிடந்தவள் நிமிர்ந்து இருந்தாள்.

"வேண்டாம் அக்கா. தலை சுத்தாததையும் இங்கை மருந்தெண்டுதான் பாக்கினம். ஆரும் நினைச்சபடி கொண்டுவந்து பாவிக்கேலாது. பிறகு, சுத்துற சாமானும் அதிலை துளி கலந்திருக்கும். கொஞ்சம் கூடிட்டுதோ, அது போதைப்பொருள். பொலிஸ் உங்களை றோட்டிலை மறிச்சு வாயிலை குச்சி விட்டுப் பாத்தால் லைசென்ஸ் போயிடும்."

"நீரும்தானே எடுக்கிறீர்?"

"நான் கார் ஓடேல்லையே. அதோடை எனக்கு டொக்டர் எழுதினது. உங்களுக்கு ஆர் எழுதினது?"

கேட்டதில் கெட்ட எண்ணம் இல்லை. அக்கறையில்தான் கேட்டாள். எனக்கு முகம் சுட்டது. ஆர் எழுதினது? ஒருவரும் எழுதவில்லை. அதுதானே என் பிரச்சினை.

அந்தக் கிழமையே டொக்டரிடம் நேரம் எடுத்தேன். தனியாகப் போனேன். எங்கள் டொக்டர் என் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்த பெண். கணினியைப் பார்த்துக்கொண்டு, எப்படி இருக்கிறது என்று கேட்டார். "டெ கோர்," என்றேன். பரவாயில்லை, போகிறது என்று அதற்கு அர்த்தம். இந்த நாட்டுக்கு வந்து நான் முதலில் பழகிய பதில் அது. யார் என்ன கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். அன்றைக்கும் வாய் தானாகவே சொல்லிவிட்டது. பிறகு தோளைக் காட்டினேன். சரி, பூச்சியத்திலிருந்து பத்து வரைக்கும் ஓர் இலக்கம் சொல்லுங்கள், எவ்வளவு நோகிறது என்று கேட்டார்.

யோசித்தேன். நோவு கூடத்தான் இருந்தது. ஆனால் பத்துக்கு எட்டு, ஒன்பது என்று ஒரு மனுசி தனக்குத் தானே புள்ளி போட்டுக்கொள்வதா? பள்ளிக்கூடத்தில்கூட எனக்கு அவ்வளவு கிடைத்ததில்லை. சும்மா கூட்டிச் சொல்கிறாள் என்று டொக்டர் நினைப்பார். மரியாதையான இலக்கம் எது என்று பார்த்து, "நாலு," என்றேன்.

டொக்டர் சந்தோசமாகத் தலையாட்டினார். நாலு என்றால் நல்லது, இறப்பர்ப் பட்டியைத் தொடருங்கள் என்றார். எண்ணெயைப் பற்றி ஒரு சொல் கேட்க நான் வாயைத் திறக்குமுன் எழும்பிக் கதவைத் திறந்துவிட்டார். நானும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் ஆவிக் குழாயைப் பிடித்தபடி அவளிடம் கேட்டேன், "உம்மட்டையும் இலக்கம் கேட்டவையோ?"

"ஓம். எட்டு எண்டனான். சில நாளைக்கு ஒன்பது எண்டும் சொன்னனான்."

"உமக்குக் கூச்சமாய் இருக்கேல்லையோ?"

"நோகுதே அக்கா. நீங்கள் எவ்வளவு சொன்னனீங்கள்?"

சொன்னேன். அவள் சீட்டுத் துப்பாக்கியை மேசையில் வைத்தாள்.

"நாலோ? போன கிழமை குளிர்ச்சட்டைக்குள்ளை கையை விடேலாமல் நிண்டு அழுதது ஆர்? நாலாம். அடுத்தமுறை நான் வாறன்."

"வேண்டாம்."

"வாறன்."

வந்தாள். டொக்டர் யார் இவர் என்று கேட்டதற்கு, "தங்கச்சி," என்று டேனிஷில் சொன்னாள். பிறகு கதைக்கத் தொடங்கினாள். நான் கேத்தலை இடக்கையால் தூக்குவதைச் சொன்னாள். தலையைச் சீவிக் கொண்டை போட முடியாமல் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டதைச் சொன்னாள். அது நாகரிகத்துக்காக வெட்டியது என்று எல்லோரிடமும் நான் சொல்லியிருந்தேன். கையில் கடைசி இரண்டு விரல்களும் விறைத்துப் போய், துப்பாக்கி நழுவி விழுவதைச் சொன்னாள். தரை வழுக்குகிறது, மேசை ஆடுகிறது என்று நான் ஒவ்வொருமுறையும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருந்தேன். அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். சோபாவில் இருந்து நித்திரை கொள்வதைக்கூடச் சொன்னாள். அதை என் கணவர்தான் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும்.

நான் நன்றியோடு இருந்திருக்க வேண்டும். கதிரையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு எரிந்துகொண்டிருந்தேன். என் நோவை அவள் என்னைவிட நன்றாகக் கதைத்தாள். அவளுடைய வாயில் என் நோவுக்குக் கையும் காலும் முகமும் வந்துவிட்டன. எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

டொக்டர் பஞ்சாலும் ஊசி முனையாலும் என் விரல்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சில இடத்தில் ஊசி தெரியவே இல்லை. இதை ஏன் நீங்கள் ஒருநாளும் சொல்லவில்லை என்று கேட்டார். படம் எடுக்க அனுப்பினார். கழுத்தில் தேய்ந்த எலும்பு நரம்பை நெரிக்கிறது என்று வந்தது.

நரம்பு என்று கேட்டதும் எனக்கு வந்தது கவலை இல்லை. நானும் கோட்டுக்குள் வந்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன்.

உடனே எதுவும் கிடைக்கவில்லை. முதலில் மற்ற மருந்துகள் எல்லாம் பார்க்க வேண்டும் என்பது அவர்களுடைய முறை. ஒரு மாத்திரை என் காலை வீங்க வைத்தது. இன்னொன்று வாயை உலர வைத்து, கிடங்கில் நின்றபடியே தூங்கி விழ வைத்தது. அந்த மாதங்களில் நான் கார் ஓடவில்லை; என்னைக் கணவர் தன் வேலைக்குப் பிந்திப்போய்க் கொண்டுபோய்விட்டார், அவள் வேறொருவருடன் தொற்றிக்கொண்டாள். மாத்திரைகளை நிறுத்தியதும் மறுபடி நான் ஓடினேன். அதன்பிறகு ஒருநாள், அவளுக்கு எழுதிக் கொடுத்த அதே கிளினிக்கிலிருந்து எனக்கும் கூப்பிட்டார்கள். அவ்வளவு தூரம் என்னால் தனியாகப் போய்க் கதைக்க முடியாது. அவளைத்தான் ஏற்றிக்கொண்டு போனேன்.

கிளினிக்கின் டொக்டர் வயதானவர், மெதுவாகக் கதைப்பவர். இலக்கம் கேட்டார். "எட்டு," என்றேன். ஒன்பது சொல்ல வாய் வரவில்லை. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, உங்களுக்கும் அந்த எண்ணெயைப் பாவித்துப் பார்க்கலாம் என்றார். எந்த டொக்டரும் அதை எழுதலாம், ஆனால் எந்த டொக்டரும் எழுதத்தான் வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, எழுதுகிறவர்தான் பொறுப்பு, அதனால் மிகக் குறைவாகத் தொடங்கி, பலன் இல்லையென்றால் நிறுத்திவிடுவோம் என்றார்.

"இதை எடுக்கும் காலத்தில் கார் ஓடக்கூடாது. நீங்கள் ஓடுகிறீர்களா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் அவள் சொன்னாள், "ஓம், ஓடுவா. அவதான் ஓடுறவ. எங்கள் ரெண்டு பேரையும் வேலைக்குக் கொண்டுபோறது அவதான்."

டேனிஷில் சொன்னாள். ஆனால் எனக்கு எங்கள் தமிழில்தான் கேட்டது.

டொக்டர் கதிரையில் பின்னால் சாய்ந்தார். அப்படியென்றால் யோசிக்க வேண்டியிருக்கிறது, வேலைக்குப் போகக் கார் தேவை என்றால் இது உங்களுக்குப் பொருத்தமோ தெரியவில்லை என்றார்.

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு காலமும் எனக்காகக் கதைத்தவள், ஒரு வசனத்தில் எல்லாவற்றையும் மூடிவிட்டாள். அவள் மேசையை எட்டி என் கையிலிருந்து அந்தப் போத்தலைப் பறித்ததுபோல இருந்தது.

"நான் ஓடுறதை விடுறன்," என்றேன். டொக்டரிடம், என் டேனிஷில். சொற்கள் முன்பின்னாக வந்தன. "கார் எனக்கு வேண்டாம். எனக்கும் அந்த எண்ணெய் வேண்டும்."

ஒரு டொக்டரிடம் எனக்கு இன்னது வேண்டும் என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. டொக்டர் கதிரையை முன்னால் இழுத்தார். பிறகு கணினிப் பக்கம் திரும்பி எழுதத் தொடங்கினார்.

கார் தரிப்பிடத்துக்கு நடந்து வந்தோம். காரில் ஏறி நான் பெல்ட்டை இழுத்தேன். அது பாதியில் நின்றது. அவள் எட்டி இழுத்து மாட்டிவிட்டாள்.

"அப்ப வேலைக்கு எப்பிடி அக்கா போறது?"

"பஸ் இருக்குது."

"அந்த நேரத்திலை எங்கை பஸ் ஓடுது?"

"பிந்தின நேர வேலை கேப்பம்."

"நீங்கள் கேப்பீங்களோ? போர்மனிட்டை?"

"கேப்பன்."

அவள் முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். "ஒண்டு கேக்கட்டோ? கோவிக்கக் கூடாது. உங்களுக்கு நோவுக்கு வேணுமோ, எனக்கு இருக்கெண்டு வேணுமோ?"

இவ்வளவு நாளும் அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். அந்த மேட்டில் கார் தூக்கிப் போட்டபோது நித்திரையாகத்தான் இருந்தாளோ என்னவோ.

"ரெண்டுக்கும்தான்," என்றேன்.

அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்துப் பிடரி நொந்து, கையால் பிடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்ப நீர் ஏன் அந்தாளிட்டை உடனை சொன்னீர், நான் ஓடுறனான் எண்டு?"

"உண்மையைத்தானே சொன்னனான்."

"உண்மைக்காகச் சொன்னீரோ, உம்மை ஏத்தி இறக்க ஆளில்லாமல் போயிடுமெண்டு சொன்னீரோ?"

அவள் தன் பெல்ட்டையும் இழுத்து மாட்டினாள். "எனக்கும் ரெண்டும்தான் அக்கா," என்றாள் பிறகு.

நான் காரை எடுத்தேன். அன்றைக்கு அவள் வழியில் நித்திரை கொள்ளவில்லை.

இப்போது எங்கள் ஃபிரிஜிலும் ஒரு போத்தல் நிற்கிறது. முதல் நாள் என் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மூடியைத் திறந்து மணந்துவிட்டு, "வைக்கோல் மணக்குது," என்றார். வாயில் விட்டால் கைக்கிறது. விரல்களின் விறைப்பு அப்படியேதான் இருக்கிறது. தோள் உளைவு கொஞ்சம் தள்ளி நின்று நோகிறது. படுக்கையில் படுத்து, சில மணி நேரம் ஒரே தொடராக நித்திரை கொள்கிறேன். இலக்கம் கேட்டால் ஆறு சொல்வேன். கார் மகளிடம் போய்விட்டது. என் கணவர் அதற்காக இன்னும் முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் இருக்கிறார். போர்மனிடம் நான்தான் கேட்டேன். இருவரையும் பிந்திய நேரத்துக்கு மாற்றித் தந்தார்கள், மேசையை மாற்றவில்லை.

பஸ் எங்களைப் பெரிய றோட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து வயல் ஓரமாக நடக்க வேண்டும். காற்று எப்போதும் எதிரிலிருந்துதான் அடிக்கும். நேற்று வேலை முடிந்து திரும்பி வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, அவள் மஃப்ளருக்குள் இருந்து கேட்டாள், "இப்ப எத்தனை துளி அக்கா எடுக்கிறீங்கள்?"

சொன்னேன்.

"தொடக்கத்திலை எனக்கும் அவ்வளவுதான் தந்தவை. இப்ப கூட்டிப்போட்டினம்."

"எவ்வளவுக்கு?"

சொன்னாள். என்னுடையதைப்போல இரண்டு மடங்கு.

"அப்பிடியோ," என்றேன்.

பஸ் தூரத்தில் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் கிளினிக்கில் எனக்கு நேரம் இருக்கிறது. ரயிலில் போகலாம், ஹேர்னிங்கில் மாற வேண்டும். இந்தமுறை அவளைக் கூட்டிக்கொண்டு போகமாட்டேன். தனியாகப் போய், அளவைக் கூட்டித் தரச் சொல்லிக் கேட்பேன்.